சத்தம் போட்ட விசிறி

ஞாயிறு காலை பதினோரு மணிக்குள் கார் பந்தய விளையாட்டு ஆறு தடவை பாதியில் நின்றுபோகவே, கோமதி தன் தம்பி இன்பராஜை வரச் சொன்னாள்.

கம்ப்யூட்டர் பெட்டியில் தூசி படக் கூடாதென்று பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள் அவள். உள்ளே இருந்த விசிறிக்குக் காற்று கிடைக்கவில்லை. அது நிலைகொள்ளாமல் கடகடவென்று சுற்றியது.

"ஏன்டா இப்படி அலறுற? சத்தம் போட்டா உன்னைத்தான் முதல்ல கழட்டுவாங்க," என்றது பக்கத்தில் இருந்த, திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு.

"நான் சும்மா இருந்தா நீங்க வெந்துபோவீங்க அண்ணே."

இன்பராஜ் உறையை உருவிவிட்டு, பெட்டியைத் திறந்து வைத்து விளையாடிப் பார்த்தான். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது.

"தம்பி கை பட்டாலே சரியாயிடுது!" என்று சொல்லிக் கோமதி பெட்டியை மூடி, உறையை மறுபடி மாட்டினாள். பத்தாவது நிமிடம் விளையாட்டு நின்றது. விசிறி உயிரைக் கொடுத்துச் சுழன்றது.

"சத்தத்தைக் கேட்டியாக்கா? கோளாறே இந்த விசிறிதான்," என்றான் இன்பராஜ்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றது கார்டு.

மே 9ஆம் தேதி, சத்தம் வராமல் மெதுவாகச் சுற்றும் புது விசிறி வந்தது. மே 12ஆம் தேதி கார்டு எரிந்துபோனது.