மணிக்குக் காது கேட்காது

அய்யனார் கோவில் ரோட்டில் அவர் முன்னால் போனார். நாய் அவருக்கும் முன்னால் போனது. நான் பின்னால் போனேன்.

ராஜபாளையத்தில் எங்கள் வயதில் புருஷனும் பெண்டாட்டியும் வாக்கிங் போனால் இந்த வரிசைதான். பக்கத்தில் நடந்தால் ரோடு தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

இன்றைக்கு அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டாக்டரைப் பார்க்கத் தனியாகப் போனார். நானும் வருகிறேன் என்றதற்கு, இதுக்கு எதற்கு ஊர்வலம் என்று கிளம்பிவிட்டார். திரும்பி வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். கோயம்புத்தூரிலிருந்து மகள் ரஞ்சனி போன் பண்ணியபோது, தூங்கிவிட்டதாகச் சொல்லச் சொன்னார்.

எல்லாம் சரியாக இருக்கிற மனுஷன் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுப்பாரா?

எங்கள் வீட்டுக்காரர் தங்கப்பாண்டியன் போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஸ்டேஷனில் அடுத்தவன் வாயைக் கிளறியே பழகியவர். சொந்த வாயை மட்டும் திறக்கமாட்டார்.

போன வருஷம் பிரஷர் ஏறியபோது இதே டாக்டர் சொன்னார். காலையில் நடக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், மூச்சை நன்றாக இழுத்து விட வேண்டும், நேரத்தோடு தூங்க வேண்டும். மனதில் இருப்பதை யாரிடமாவது பேசவும் வேண்டும்.

மற்றதையெல்லாம் டூட்டி மாதிரி செய்தார். மூச்சு இழுப்பதுகூடப் பரேடில் நிற்பது மாதிரிதான். பேசுவதுதான் வரவில்லை. அதற்குத்தான் மணி வந்தது.

மணி, செட்டியார்பட்டியில் அவருடைய சித்தப்பா மகன் வீட்டில் பிறந்த ராஜபாளையம் ஜாதி நாய்க்குட்டி. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. அந்த ஜாதியில் சிலதுக்கு இருப்பதுபோல் பிறவியிலேயே காது கேட்காது. காவலுக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்திருந்ததை இவர் தூக்கிக்கொண்டு வந்தார். காது கேட்காத நாய்க்கு மணி என்று பேரும் வைத்தார்.

அதிலிருந்து தினமும் நடக்கும்போது மணியிடம் பேச ஆரம்பித்தார். அதுதான் எதையும் கேட்காதே, யாரிடமும் போய்ச் சொல்லாதே.

நாலெட்டு பின்னால் நான் வருகிறேனே என்ற கவலையும் அவருக்கு இல்லை. என் காதில் இயர்போன் இருக்கிறது. ஆண்டாள் பாசுரம் கேட்டுக்கொண்டு வருகிறாள் என்று நினைப்பு.

வயரின் மறுமுனையைச் சும்மா இடுப்பில் செருகியிருப்பேன். போன் வீட்டில் டிவி பக்கத்தில் கிடக்கும்.

இடது முழங்கால் வலிக்கிறது என்று ஒரு நாள் மணியிடம் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலமே எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டேன். உப்பில்லாத கம்மங்கூழ் தொண்டையில் இறங்கவில்லை என்றார். மறுநாள் மோரைக் கொஞ்சம் புளிக்கவிட்டு, சின்ன வெங்காயத்தைக் கூட்டிப் போட்டேன். பால்கோவா நாக்கில் பட்டு எத்தனை நாளாச்சு என்று ஒரு நாள் பெருமூச்சு விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஸ்பூன் என்று கொடுத்தேன்.

இவள் மட்டும் இல்லையென்றால் என் பாடு நாய் படாத பாடுதான் என்று நாயிடமே ஒரு நாள் சொன்னார். அன்றைக்குக் குழம்பில் புளி கரைத்து ஊற்றினேனா இல்லையா என்றே எனக்கு நினைவில்லை.

வாய்விட்டுக் கேட்காமலே எல்லாம் செய்கிறாளே என்று மனுஷன் அசந்துபோயிருப்பார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. போலீஸ்காரனையே ஏமாற்றிவிட்டேன் அல்லவா!

மாந்தோப்பு வளைவு வந்தது. வழக்கமாக அங்கேதான் திரும்புவோம். அவர் நின்று, மணியின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்யக் குனிந்தார்.

“நெஞ்சுல அடைப்பு இருக்கும்போலன்னு சொல்லுதாருலே மணி. மதுரைக்குப் போயி ஆஞ்சியோ பாக்கணுமாம். பயமா இருக்குலே. இவகிட்ட எப்படிச் சொல்ல? அழுதே கரைஞ்சிருவா.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பயம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பிடித்தால் குட்டு உடைந்துவிடும். அப்புறம் மணியிடமும் பேசமாட்டார். எல்லாவற்றையும் அந்த நெஞ்சுக்குள்ளேயே போட்டு வைத்துக்கொள்வார். ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருந்துவிடுவார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். பார்த்தால் பார்க்கட்டும், பாசுரத்தில் உருகிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

அப்போது போன் அடித்தது.

என் போன். அந்தப் பாட்டு எனக்குத் தெரியாதா?

சத்தம் அவருடைய சட்டைப் பையிலிருந்து வந்தது.

அவர் நிமிர்ந்தார். பையிலிருந்து என் போனை எடுத்தார். திரும்பி என் காதைப் பார்த்தார். அங்கிருந்து வயர் போகிற வழியே இடுப்புவரைக்கும் பார்த்தார். ஆச்சரியமும் இல்லை, அவசரமும் இல்லை. மணி அது பாட்டுக்கு ஒரு வேப்பங்கன்றை மோந்துகொண்டிருந்தது.

போனை என் பக்கம் நீட்டினார்.

“பாலம்மா, ரஞ்சனி கூப்பிடுதா. டாக்டர் என்ன சொன்னாருன்னு கேப்பா. எனக்குச் சொல்ல வராது. நீதான் தெனமும் கேட்டுக்கிட்டே வாரியே, நீயே சொல்லு.”