எருமைக் கொட்டகையில் ஒரு சாட்சி

பக்கத்து வீட்டுக் குப்பண்ணனைத் தன் எருமைக் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள் கமலாத்தாள்.

"சர்க்கார் ஆளு போற வரைக்கும் வெளிய வரப்படாது. மூச்சுக்கூட சத்தமா உடாதீங்க."

"நான் என்ன பண்ணினனுங்க ஆத்தா?" என்றார் உள்ளிருந்து.

"ஒண்ணும் பண்ணுல. பொய் சொல்லத் தெரியாத மனுசன், அதுதான் பயம். மாடு வாங்க வந்தவங்கிட்ட, இது உதைக்கும்னு நீங்களே சொன்னீங்களே!"

அன்று வேலாம்பாறையில் யாரும் காட்டு வேலைக்குப் போகவில்லை. ஆளில்லாத வீட்டைக் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம். அதனால் முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது கமலாத்தாளின் உத்தரவு.

அவள் மகள் தெய்வானைக்குச் சித்தூர் காலேஜில் பிரீடிகிரி சீட் கிடைத்திருந்தது. பஸ் வந்தால் படிப்பு, வராவிட்டால் எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. ஊர்க்காரர்கள் எங்கெங்கே, எதற்காக, வாரத்தில் எத்தனை தடவை போகிறார்கள் என்று கணக்கெடுத்து, பிரயாணம் நிறைய இருந்தால்தான் பஸ் விடுவார்கள்.

கணக்கெடுக்க வந்தவர் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர் வைத்தியநாதன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து நாலு மைல் நடந்து வந்ததில் வார் அறுந்த செருப்பு ஒன்று கையில் இருந்தது. முழங்கால்வரை செம்மண். வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டுக் கடைசியாகக் கமலாத்தாள் வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். ஊரே பின்னால் வந்து சூழ்ந்து நின்றது.

"ஒரு தடவை சரி பார்த்துடறேன். ஆறுச்சாமி, வாரத்துல ஆறு நாள் பொள்ளாச்சி சந்தைன்னு சொல்றேள். சந்தை வியாழக்கிழமை மட்டும்தானே?"

"மத்த நாளு வெல கேட்டுட்டு வருவனுங்க."

"வள்ளியாத்தாள், மூணு மாசத்துல பதினாலு வளைகாப்பா?"

"நம்மளுக்குச் சொந்தம் ஜாஸ்திங்க."

"முத்தாத்தாள், தினம் பாலக்காட்டுக்கு சினிமா. நேத்திக்குப் பார்த்தது என்ன படம்?"

முத்தாத்தாள் சற்று யோசித்தாள். "பாட்டு வருமுங்க, சண்டையும் வருமுங்க. கடைசில கல்யாணம் ஆயிருமுங்க."

வைத்தியநாதன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பென்சிலால் கூட்டி முடித்தார். "வாரத்துக்கு ஆயிரத்து நூத்து நாற்பது பிரயாணம். இந்தக் கணக்குக்கு ஒரு பஸ் போறாது. மூணு விடணும்."

ஆறுச்சாமி தலைத்துண்டை எடுத்து ஆகாயத்தில் வீசினார். வள்ளியாத்தாள் குலவை போட்டாள். தெய்வானை அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இருங்கோ, இருங்கோ." வைத்தியநாதன் சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்தார். "முப்பத்தெட்டு வீடு ஏறி இறங்கினேன். ஒண்ணாவது பூட்டியிருக்கணுமே! தினம் ஊர் ஊராப் போறவா அத்தனை பேரும் இன்னிக்கு மட்டும் ஏன் போகலை?"

வீசிய துண்டு ஆறுச்சாமி தலையிலேயே வந்து விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, கொட்டகைக்குள் வைக்கோல் தூசி தன் வேலையைக் காட்டியது. பெரிய தும்மல் ஒன்று.

"உள்ளே யாரு?"

"எருமைங்க" என்றாள் கமலாத்தாள்.

இன்னொரு தும்மல். கூடவே, "முருகா!"

"பக்தியுள்ள எருமை போலிருக்கு" என்று எழுந்து போய்க் கதவைத் திறந்தார் வைத்தியநாதன். தலையெல்லாம் வைக்கோலுடன் குப்பண்ணன் வெளியே வந்து கும்பிட்டார்.

"ஒளிச்சு வச்சிருக்கேள்னா இவர்தான் நிஜம் பேசறவர்." வைத்தியநாதன் தாளின் அடியில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் பென்சிலை வைத்தார். "இவர் சொல்றதை அப்படியே எழுதிண்டு போயிடறேன். பஸ்ஸோ, ரப்பரோ, ரெண்டுல ஒண்ணு. சொல்லுங்கோ, இன்னிக்கு ஏன் ஒருத்தரும் வெளியூர் போகலை?"

கமலாத்தாள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். தெய்வானை அம்மாவின் கையைப் பிடித்தாள்.

குப்பண்ணன் உண்மையிலேயே குழம்பிப்போனார். வந்தவரின் செம்மண் காலைப் பார்த்தார். கையிலிருந்த அறுந்த செருப்பைப் பார்த்தார். இதுகூடத் தெரியாமலா கேட்கிறார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"எதுலீங்க போறது?"