தாராளமான கிளவுஸ்

"இது வேண்டாம், விரலை நெரிக்கும். மேல் தட்டுல இருக்கே, அதை எடுங்க" என்றார் சுவர்.

அட்டைப்பெட்டிக் கம்பெனி டீமில் அவருக்கு அதுதான் பேர். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து கோல் போஸ்ட்டைக் காத்து நின்றதில் வந்த பேர்.

விளையாட்டுச் சாமான் கடைக்காரர் மறுபடியும் ஏணியில் ஏறினார். மேஜை முழுக்கக் கிளவுஸ் குவிந்து கிடந்தது.

பக்கத்தில் சுவருடைய மனைவியின் தம்பி, இடது கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றான்.

'பெரிய சினிமா ஹீரோன்னு நெனப்பு' என்று உள்ளுக்குள் கறுவினார் சுவர்.

கறுவாமல் என்ன செய்வார்? போன ஞாயிறு பிராக்டிஸ் முடிந்ததும் மைதானத்தில் வைத்தே கேப்டன் குண்டைப் போட்டார். "அண்ணே, ஃபைனல்ல உங்க மச்சினன் கோல்ல நிக்கட்டும். நீங்க குனிஞ்சா நிமிர்த்திவிட ஆள் தேவைப்படுது."

டீமே சிரித்தது. சுவர் விறுவிறுவென்று போய்க் கம்பெனி வேனில் இருந்த தன் பையை எடுத்தார். மச்சினன் மட்டும் "மாமா, மாமா" என்று பின்னாலேயே ஓடி வந்தான். வேன் கதவைப் படாரென்று அறைந்து சாத்திவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன், "ஃபைனலுக்கு நானே உனக்குக் கிளவுஸ் வாங்கித் தர்றேன்டா மாப்ளே" என்றதும் அவர் மனைவிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கடைக்காரர் பையனின் வலது கையைப் பார்த்தார். "தம்பிக்கு ஒல்லி விரல் சார். நெகட்டிவ் கட் எடுங்க. தையல் உள்பக்கம் இருக்கும், கையோட ஒட்டிக்கும்."

சுவருக்குத் தெரியாதா? ஒல்லி விரலுக்கு அதுதான் சரி. ஃபிளாட் கட் என்றால் தையல் வெளியே, உள்ளே ஒரே தொளதொளப்பு. அதிலும் ஒரு சைஸ் பெரிசாகப் போட்டால், விரல் ஒரு பக்கம் போகும், பந்து ஒரு பக்கம் போகும்.

அவர் தேடி வந்ததே அதைத்தான்.

"கோல்கீப்பர் கை தாராளமா மூச்சு விடணும் சார்! நான் ஃபிளாட் கட் போட்டுப் பிடிச்ச பந்தை ஒரு பயலாலயும் பிடுங்க முடியலை. கடைசியில ரெஃப்ரீயே, 'கையை மைதானத்துலேயே வச்சுட்டு நீங்க வீட்டுக்குப் போங்க'ன்னுட்டார்!"

கடைக்காரர் கும்பிடு போட்டு ஃபிளாட் கட்டை எடுத்து வைத்தார். "தம்பி, ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்." பாக்கெட்டிலிருந்து கை வெளியே வரவில்லை.

சுவருக்கு ஒரு நொடி என்னவோ போலிருந்தது. ஒரு நொடிதான்.

ஃபைனல் அன்று சட்டைக்குள்ளேயே பழைய ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பயல் கோலாக விட்டுத்தள்ளுவான், கேப்டன் ஓடி வந்து கெஞ்சுவார், ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிப்பதாக நடித்துவிட்டு எழுந்துகொள்ள வேண்டும் என்பது கணக்கு.

கணக்கு தப்பியது. பயல் ஒரு பந்தைக்கூட உள்ளே விடவில்லை. உயர வந்ததைக் குத்தினான், தரையோடு வந்ததை அமுக்கினான், கடைசிப் பெனால்டியைப் பாய்ந்து வெளியே தள்ளினான்.

உடை மாற்றும் அறையில் ஒரே கூச்சல். பயல் மட்டும் ஓரமாக உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இடது கிளவுஸை மெல்ல மெல்லக் கழற்றினான்.

உள்ளே இரண்டு விரலுக்கு, அசையாமலிருக்கப் பட்டைச் சிம்பு வைத்து, தடிமனாகக் கட்டுப் போட்டிருந்தது.

டீமே அவனைச் சுற்றிக் கூடியது.

"டைட்டான கிளவுஸா இருந்தா கட்டோட விரல் உள்ளேயே போயிருக்காது மாமா. அக்காகிட்டகூடக் காட்டாம மறைச்சேன். உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

"அனுபவம்டா மாப்ளே" என்றார்.

கேப்டன் ஓடி வந்து கட்டிக்கொண்டார். "அண்ணே, உங்களைப் போய் நக்கல் பண்ணினேனே! மனுஷன்னா நீங்கதான்."

சுவர் சட்டையின் மேல் பட்டனைப் போட்டு ஜெர்சியை மறைத்துக்கொண்டார்.

"ஆமா, கை எப்படிடா இப்படி ஆச்சு?" என்று கேட்டார் கேப்டன்.

பயல் குனிந்து ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டிருந்தான். "போன ஞாயிறு வேன் கதவுல நசுங்கிருச்சுண்ணே. யாரும் பக்கத்துல இல்லை. நானே கவனிக்காம சாத்திக்கிட்டேன்."

கதவைச் சாத்திய கை யாருடையது என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அது இரண்டு விரலையும் சேர்த்து நசுக்கியது என்பது, இரண்டு பேரில் ஒருவருக்கு அப்போதுதான் தெரிந்தது.