இடப் பக்கக் கண்ணாடி

லாரியின் பின்பக்கத்தைத் தவிர அப்பா வேறு எதையும் பார்க்கவில்லை.

குலாயில் பிடித்த லாரி அது. பெக்கான் நானாஸ் அன்னாசியை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் வடக்கே போகிறது. அதற்கு முன் வந்த இரண்டு லாரிகளை அப்பா வேண்டாமென்று விட்டுவிட்டார். ஒன்றுக்கு உயரம் போதாது, இன்னொன்றுக்கு வேகம் அதிகம். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு அலசவில்லை.

முன்னால் போகிற லாரி காற்றைக் கிழித்து வழிவிடுமாம். அதன் முதுகோடு ஒட்டிப் போனால் எங்கள் மைவி காருக்குப் பாதி பெட்ரோல் எண்ணெய் போதுமாம்.

காரில் நாங்கள் மூன்று பேர். ஓட்டுவது அப்பா சபாபதி. பக்கத்தில் அம்மா செல்வராணி. பின்னால் பட்டுப்புடவையில் நான், ரூபினி. ஜன்னலைத் திறக்கக் கூடாது, காற்று உள்ளே புகுந்து காரைப் பிடித்து இழுக்கும்.

“ஏர்கான் போட்டா ஆவரேஜ் செத்துரும்லா,” என்று அப்பா கிளம்பும்போதே சொல்லிவிட்டார்.

தெப்ரா வீட்டில் தலையில் வைத்த மல்லிகை செனாய் வருவதற்குள் வதங்கிவிட்டது. நானும்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அப்பாவுக்குக் காற்றுதான் எதிரி. காரின் முகப்பைத் தேர்தல் பலகையை வெட்டி அடைத்தார். தோற்றுப்போன வேட்பாளர் ஒருவர் இன்னும் எஞ்சினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் பிளாஸ்டிக்கில் ஒரு வால். முன்னால் தொங்கிய எலுமிச்சை மிளகாய்ச் சரத்தை, காற்றைத் தடுக்கிறதென்று உள்ளே கொண்டுவந்துவிட்டார்.

பின் சக்கரங்களை மூடுவதற்கு வட்டமாக ஏதாவது தேடியிருக்கிறார். அம்மாவின் கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் தாம்பாளங்கள் இரண்டும் கச்சிதமாகப் பொருந்திவிட்டன. அதனால் நிச்சயம் பேசப் போகும் எங்கள் வெற்றிலை பாக்கும் பழமும் சூப்பர்மார்க்கெட் பையில் வருகின்றன. எங்களை முந்திப் போன ஒரு குடும்பம் தாம்பாளங்கள் சுற்றுவதைப் போனில் படம் பிடித்தது. அப்பா பெருமையாகக் கையசைத்தார்.

இடப் பக்கக் கண்ணாடியையும் கழற்றியாகிவிட்டது. அந்த வேலை இப்போது அம்மாவுக்கு. இடப் பக்கம் வண்டி வந்தால் சொல்ல வேண்டும், பலகைகளைப் படித்துக் காட்ட வேண்டும். போனில் வழிகாட்டும் வேஸ் போட்டால் போனுக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும், அதுவும் எண்ணெய்தான்.

அம்மா படித்துக்கொண்டே வந்தார். ஸ்கூடாய். செனாய். குலாய். செடெனாக். ஒன்றைக்கூட விடவில்லை.

அடுத்தது சிம்பாங் ரெங்கம். அங்கே கோயிலில் மாப்பிள்ளை யுகேந்திரனின் குடும்பம் எங்களுக்காகக் காத்திருக்கிறது.

அப்பா இருக்கும் எண்ணெய்ச் சிக்கன வாட்ஸ்அப் குழுவில் யுகேந்திரன்தான் முதல் ஆள். லிட்டருக்கு இருபத்தாறு கிலோமீட்டர். எடை குறையட்டும் என்று பின் இருக்கையையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டவர். நாளைக்குப் பிள்ளை பிறந்தால் எங்கே உட்காரும் என்று கேட்டேன். பச்சைப் பிள்ளைக்கு என்ன பெரிய எடை என்றார் அப்பா. யுகேந்திரன் என்னோடு ஒரே ஒரு முறை போனில் பேசினார். என் எடையைக் கேட்டார்.

வேண்டாமென்று சொல்லிப் பார்த்தேன். குடி இல்லை, சிகரெட் இல்லை, இருபத்தாறு கிலோமீட்டர் ஓட்டுகிறான், இதற்குமேல் ஒருத்திக்கு என்ன வேண்டும் என்று அப்பா கேட்டார். அம்மா வாயே திறக்காமல் என் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இந்த மனிதரோடு இத்தனை வருடம் வெந்தவர், எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. அப்பாவைவிட அம்மாமேல்தான் கோபம் அதிகம்.

யுகேந்திரனின் அம்மா ஒன்றே ஒன்றுதான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ராகு காலம் தொடங்குவதற்குள் வெற்றிலை மாற்றியாக வேண்டும். தாமதமானால் அதுவே சகுனம், பேச்சை அதோடு விட்டுவிடலாம். அந்தக் கவலையும் இல்லை. அப்பா எண்பதைத் தாண்டாமல் உருட்டியும் கையில் கால் மணி நேரம் மிச்சம் இருந்தது.

அப்பா லாரியை இன்னும் கொஞ்சம் நெருங்கினார்.

இடப் பக்கம் பச்சைப் பலகை வந்தது. சிம்பாங் ரெங்கம், ஒரு கிலோமீட்டர்.

அம்மாவின் தலை அதன் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். இதோ படிக்கப் போகிறார்.

அம்மாவின் உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது.

அரைக் கிலோமீட்டர் பலகையும் வந்தது. அதையும் பார்த்தார். வெளியேறும் பாதை எங்களுக்குப் பக்கத்திலேயே பிரிந்து, வளைந்து, செம்பனை மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. அப்பா லாரியின் சேறு படிந்த பின்பக்கத்தை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பலகை ஏதாவது வந்ததா என்று மட்டும் ஒரு முறை கேட்டார்.

“மீட்டரப் பாருங்க, இருபத்தி நாலு காட்டுது,” என்றார் அம்மா. “பேசிப் பேசிக் கெடுத்துக்காதீங்க. லாரிய விட்டுடாதீங்க.”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்பாவின் சிக்கனத்தை அம்மா பாராட்டியது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினார்.

இனித் திரும்ப வேண்டுமானால் ஆயர் ஈத்தாம் வரை போயாக வேண்டும். போய்த் திரும்பி வருவதற்குள் ராகு காலம் தொடங்கிவிடும்.

கொஞ்ச தூரத்தில் இன்னொரு பச்சைப் பலகை தெரிந்தது. அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எனக்கும் கேட்கும்படி நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

“ஆயர் ஈத்தாம்.”