ஒரே கை ஓட்டிய வண்டி

“ஆறு லட்சம் ஒரு விலையா டாக்டர்? இந்த பிக்கப்புக்கு எட்டு சொன்னாலும் தகும்!”

வாசலில் நின்ற சிவப்பு டீசல் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார் வண்டிக்காரர். சின்ன வண்டிதான். ஆனால் முதுகில் கறுப்புப் பட்டை, பக்கத்தில் ‘ஸ்போர்ட்ஸ்’ என்ற எழுத்து, பின்னால் இறக்கை மாதிரி ஒரு தகடு, அகலமான டயர் என்று, நிற்கும்போதே ஓடுகிற தோரணை அதற்கு.

வாங்க வந்த பல் டாக்டர் வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடி, அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார்.

“கதவுல மட்டும் புதுப் பெயின்ட் மாதிரி இருக்கே?”

“சும்மா, அழகுக்காக அடிச்சது. மத்தபடி ஒரே கை ஓட்டின வண்டி டாக்டர். கண்ணை மூடிட்டு வாங்கலாம்.”

வாசற்படியில் நின்ற வண்டிக்காரரின் மனைவி இருமினாள்.

அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் பேச்சைக் கேட்காமல் வாங்கிய வண்டி இது. ‘நம்ம தேவைக்குப் பறக்கிற வண்டி எதுக்குங்க? கொடுத்த காசு பெறாது’ என்று அன்று ஆரம்பித்தவள் இன்றுவரை நிறுத்தவில்லை. நேற்று அந்தத் தகராறு இருவரும் பந்தயம் கட்டுவதில் போய் முடிந்தது. ஆறு லட்சத்துக்கு விற்றுவிட்டால் அந்தப் பேச்சை அவள் ஜென்மத்துக்கும் எடுக்கக் கூடாது. விற்காவிட்டால், இனி வீட்டுக்கு ஒரு ஊசி வாங்குவதென்றாலும் முடிவு அவளுடையது.

“ஓட்டிப் பார்க்கலாமா?”

“தாராளமா!”

டாக்டர் ஸ்டியரிங் பிடித்தார். வண்டிக்காரர் பக்கத்து சீட்டில் ஏறி, காலடியில் குவிந்து கிடந்த கார் கவரை மடிவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“குளிருதா சார்? அதைத் தூக்கிப் பின்னாடி போடுங்களேன்.”

“இருக்கட்டும் டாக்டர். புதுக் கவர், கசங்கிடும். வண்டியோட உங்களுக்கு இலவசம்.”

“மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சொல்லுவாங்க,” என்று சிரித்துக்கொண்டே டாக்டர் வண்டியைக் கிளப்பினார்.

“நமக்கென்ன பயம்? கண்ணாடியைப் பார்த்துக்குங்க. இண்டிகேட்டர்... ஆங். கிளட்ச்சை மெதுவா விடுங்க.”

“சார், நான் பதினஞ்சு வருஷமா ஓட்டறேன்.”

“அட, என் வாய் சும்மா இருக்காது. நீங்க போங்க.”

தெருவைத் தாண்டி அகலமான சாலை வந்தது. எதிரே ஈ காக்கை இல்லை.

“இப்ப மிதிங்க டாக்டர்! அப்படியே சீட்டோட ஒட்டிக்குவீங்க பாருங்க!”

டாக்டர் மிதித்தார். வண்டி உறுமியது. நாற்பது, ஐம்பது... அதோடு சரி. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல் தளர்ந்துவிட்டது.

“என்ன சார் இது?”

“டீசல் வண்டி பாருங்க, கொஞ்சம் சூடாகணும்.”

சூடான பிறகும் அதே கதைதான். ஐம்பதைத் தொட்டதும் வண்டி மூச்சை விட்டது. பின்னால் வந்த வேன்காரன் ஹாரனை அலறவிட்டு, பக்கத்தில் வந்து தலையை நீட்டினான்.

“ஏன்யா சும்மா சும்மா பிரேக் அடிக்கிறே?”

“நான் எங்கே பிரேக்கைத் தொட்டேன்?” டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

“வண்டியைப் பார்த்து வயிற்றெரிச்சல் டாக்டர். நீங்க மிதிங்க.”

டாக்டர் இன்னொரு முறை பலமாக மிதித்தார். இரண்டு காஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போன ஒரு பழைய ஸ்கூட்டர் அவர்களைச் சாவகாசமாக முந்திக்கொண்டு போனது.

வண்டிக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. “நேத்து நான் ஓட்டினப்போ பறந்துச்சு டாக்டர். சத்தியமா!”

“சார், பிடுங்கறது என் தொழில். என்கிட்டயே பிடுங்கப் பார்க்கறீங்களே!”

“சரி, அஞ்சரை?”

“வேண்டாம்.”

“அஞ்சு?”

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியை அவர் கையில் வைத்தார் டாக்டர். “பேர்தான் ஸ்போர்ட்ஸ். மூணுகூடப் பெறாது சார். வரேன்.”

மனைவி வந்து பார்த்தபோது, அவர் கவரும் மடியுமாக அதே சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

“நீ சொன்னதுதான் சரி. கொடுத்த காசு பெறாது. எஞ்சின் போச்சு போல இருக்கு.”

ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு வரவே இல்லை. பாவம் என்றுதான் தோன்றியது.

“சாவியைக் கொடுங்க. நான் ஒரு ரவுண்டு பார்க்கறேன்.”

ஓட்டுநர் சீட்டில் ஏறி, தெருவைத் தாண்டிப் போய் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். வண்டி சீறிப் பாய்ந்தது. ஐம்பது வந்ததும் தொங்கிப்போனது. அவள் ஓரமாக நிறுத்தினாள். சட்டென்று கையை நீட்டி, கணவரின் மடியிலிருந்த கவரை உருவினாள். அவரும் குனிந்து பார்த்தார்.

‘கழற்ற மெக்கானிக் அடுத்த வாரம்தான் வருவான், அதுவரைக்கும் கவரைப் போட்டு மறைச்சுக்கறேன்’ என்று காலையில் அவர் சொன்ன அந்த இரண்டாவது பிரேக் அங்கே இருந்தது. அதன் மேல், இருபது வருட டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் வலது கால் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது.

“ஒரே கை ஓட்டின வண்டியாம்!” சிரிப்பில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. “ஓட்டினது முந்நூறு கைங்க. நிறுத்தினதுதான் ஒரே கால்!”