ஆணி அடிக்காத கூரை

"அந்த மேற்கு ஜன்னலைச் சாத்துங்க மிஸ்டர் அல்ஃபோன்ஸ்! காத்து உள்ள வந்தா கூரையைத் தூக்கிட்டுப் போயிடும்!"

தலைமையாசிரியை வெர்லீன் தொண்டை கிழியக் கத்தினாள். வெளியே புயல் போட்ட ஊளையில் அது அவள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. பகல் இரண்டு மணிக்கே வகுப்பறை இருண்டு கிடந்தது.

"சாத்தினாத்தான் தூக்கும் டீச்சர்," என்றார் பள்ளிக் காவலாளி அல்ஃபோன்ஸ், ஜன்னல் பலகையை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு. "கிழக்கால வர்ற காத்துக்கு மேற்கால போக வழி விடணும். எங்கப்பா அப்படித்தான் செய்வாரு."

"உங்கப்பா சொன்னதை நம்பித் தொண்ணூறு பேரை வச்சிருக்கேனா நான்?"

"இல்ல டீச்சர், நீங்க சொன்னதை நம்பித்தான் தொண்ணூறு பேரும் வந்திருக்காங்க."

அது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் உண்மை.

தீவின் தலைநகரான ரோசோவை ஒட்டிய அந்தப் புறநகரில் 1896-ல் கட்டிய மரப் பள்ளிக்கூடம் அது. உத்தரமும் கைமரங்களும் மரமுளைகளால் மட்டுமே பிணைந்தவை; பின்னாளில் மேலே வேய்ந்த தகரத்தைத் தவிர இரும்பு ஒரு பொட்டுகூடக் கிடையாது. அதைப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்க்க வெர்லீன் ஆறு வருடம் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. சேர்த்த அன்றைக்கே வாசலில் ஒரு பலகை மாட்டினாள்: 'இக்கட்டடத்தில் ஓர் ஆணி அடித்தாலும் வேலை நீக்கம்.' அந்தப் பலகையும் கயிற்றில்தான் தொங்கியது.

நேற்று மாலை ரேடியோவில் பேசியதும் அவள்தான். "கான்கிரீட் மண்டபம் ஆத்தங்கரையில இருக்கு, வெள்ளம் வந்துடும். நம்ம பள்ளிக்கூடத்துக்கு வாங்க. நூறு வருஷத்துக்கு மேல நிக்கிற கட்டடம், எதுக்கும் அசையாது."

வந்துவிட்டார்கள். பிள்ளை குட்டிகளோடு பெஞ்சுகளுக்கு அடியில் சுருண்டு கிடந்தார்கள். இந்தக் கூரை போனால் இத்தனை உயிருக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சந்தையில் கிழங்கு விற்கும் மா டிட்டீன் பெஞ்சுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். கையில் ஜெபமாலை.

"ஏம்மா டீச்சர், எங்க வீட்டுல நாலு சுவராவது சிமெண்டு. நீ சொன்னேன்னு இங்க வந்தேன். நின்னுடும்ல?"

"நிக்கும் மா டிட்டீன்."

சொல்லிவிட்டு அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

அப்போதுதான் கூரை முனகியது. கிழக்கு மூலையில் ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு பறந்தது. கைமரங்கள் அத்தனையும் அதிர்ந்து எழும்பப் பார்த்து, அடங்கின. மழையும் தூசியுமாகத் தலையில் கொட்டியது. பிள்ளைகள் வீறிட்டார்கள்.

அல்ஃபோன்ஸ் மட்டும் அண்ணாந்து ஒவ்வொரு கைமரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் எதையோ எண்ணுவது போல அசைந்தன.

"அங்க என்ன பாக்குறீங்க?"

"சாயம் கரையுதான்னு பாக்குறேன் டீச்சர்."

"உயிர் போற நேரத்துல சாயமா? ஆகஸ்ட் லீவுல ஒரு வாரத்துல முடிய வேண்டிய சாயம் பூசுற வேலையை மூணு வாரம் இழுத்தடிச்சீங்க. இப்பத்தான் அக்கறை பொத்துக்கிட்டு வருதாக்கும்!"

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. நாற்பது வருடமாகப் புயல் பார்த்த மனிதர்.

"உங்களுக்குமா பயம்?"

"பயம்தான் டீச்சர். பென்ஷனுக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு."

"அதுவரைக்கும் இருப்போமான்னு பாக்குறீங்களா?"

காற்று சட்டென்று நின்றது; புயலின் கண் தலைக்கு மேல் வந்திருந்தது. அவர் ஓடிப்போய் மேற்கு ஜன்னல்களைச் சாத்தி, கிழக்கு ஜன்னல்களைத் திறந்தார். சிறிது நேரத்தில் காற்று எதிர்ப்பக்கமிருந்து வந்தது, முன்னைவிட மூர்க்கமாக. திறந்த ஜன்னல் வழியே எதிர்வீட்டுக் கூரை முழுசாகப் பறந்து போவதை வெர்லீன் பார்த்தாள். மா டிட்டீனின் கையைப் பிடித்துக்கொண்டு, 'கடவுளே, என் பேச்சுக்கு இவங்களைத் தண்டிக்காதே' என்று வாய்விட்டு அழுதாள்.

ஐந்தரை மணிக்கு எல்லாம் ஓய்ந்தது.

வெளியே தெருவில் கூரை இருந்த வீடு ஒன்றிரண்டுதான். பள்ளிக்கூடத்துக்கு நாலு தகரம் போனதோடு சரி. உள்ளே ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. மா டிட்டீன் தூணைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.

"அந்தக் காலத்து மரமுளைன்னா சும்மாவா! ஒரு ஆணி கிடையாது, அசைஞ்சுதா பாருங்க!"

வெர்லீனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இனிமே மந்திரியே வந்தாலும் இதுல ஒரு ஆணி அடிக்க விட மாட்டேன். வாங்க மா டிட்டீன், நம்மளைக் காப்பாத்தின முளைங்களைக் காட்டுறேன்," என்று டார்ச்சை மேலே அடித்தாள்.

மழையில் சாயம் வழிந்து போன முதல் கைமரத்தை உத்தரத்தோடு சேர்த்து இறுக்கியிருந்தது ஓர் இரும்புப் பட்டை. அடுத்ததிலும் ஒன்று, அதற்கடுத்ததிலும் ஒன்று. ஒவ்வொன்றிலும் பளபளவென்று எட்டு ஆணிகள்.

"முளையெல்லாம் கரையான் தின்னு மாவாப் போச்சு டீச்சர்," என்றார் அல்ஃபோன்ஸ், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "நான் பயந்தது காத்துக்கு இல்ல. உங்க பலகைக்கு."

"முளை எங்கம்மா இருக்கு? எனக்குத் தெரியலையே," என்று மா டிட்டீன் கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டே வந்தாள்.

வெர்லீன் டார்ச்சை அணைத்தாள்.

"பேட்டரி தீந்துடுச்சு மா டிட்டீன்."