வசுந்தராவின் காலி வாளி

குளத்துமேட்டுத் தெருவுக்கு உர மூட்டையும் காய்கறி லாரியும் வருவது நின்று ஒரு தலைமுறை ஆகிறது. வீடுகளில் சேரும் தோலும் காம்பும் மொட்டைமாடித் தோட்டத்து மண்ணுக்குப் போகும்; அந்த மண் கொடுப்பதுதான் மறுபடி அடுப்பேறும். தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவளும், தினமும் காலையில் வீட்டு வாசல்களில் தோல் வாளிகளை வாங்கிப் போகிறவளும் தெய்வானை.

புதிதாகக் குடிவந்த வசுந்தரா மட்டும் தினமும் காலி வாளியைப் பெருமையோடு நீட்டினாள். அவள் வீட்டில் பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். வாழைக்காய்த் தோல் பொரியலாகும். அக்கம்பக்கத்தாரும் அவளிடம் செய்முறை கேட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் தெரு முழுக்க வாளிகள் காலியாயின. மாடியில் கத்தரிச் செடிகள் பிஞ்சு விடாமல் வெளிறி நின்றன.

தெய்வானை சண்டைக்குப் போகவில்லை. சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வசுந்தரா வீட்டுக்குப் போய், துவையலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"ருசி அருமைங்கக்கா. ஆனா இது மண்ணோட பங்குங்க."

"எதையும் வீணாக்கக் கூடாதுன்னுதானே கண்ணு செய்யறேன்?"

"காக்காய்க்கு ஒரு உருண்டை வெக்காம நீங்க சாப்பிட உக்காருவீங்களா? அதுவும் வீணுங்களா?"

வசுந்தரா மதில்மேல் தான் வைத்திருந்த சோற்றைப் பார்த்தாள்.

மறுநாள் காலை வசுந்தராவின் வாளி கனத்தது. தெய்வானை மூடியைத் திறந்து ஒரு சுரைக்காய்த் தோலை எடுத்துப் பார்த்தாள். காகிதம்போலத் தோல் சீவுகிற கை, பாதிக் காயையும் சேர்த்துச் சீவியிருந்தது.

சிரிப்பை அடக்கமாட்டாமல் கதவைத் தட்டினாள்.

"அக்கா, கொழம்புக்கும் கொஞ்சம் காய் வெச்சுக்குங்க!"